நமக்கென்று ஓர் ஏவுதளம்



ஆகாயம் ஏறிய வீரர்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். ஆனால் அவர்கள் ஏறிச் செல்லும் தளத்தைக் கட்டியவனை விட்டுவிட்டு வீரரை மட்டும் புகழ்ந்து இறங்கிவிட என் மனம் இடங்கொடுக்கவில்லை.

1984 ஏப்ரல் 3ஆம் நாள் நம் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் புறப்பட்டது சோவியத் நாட்டின் பைக்கனூரிலிருந்து. அமெரிக்காவின் கென்னடி விண்வெளி மையத்திலே 39ஏ என்றொரு தளம் உண்டு. 1969இல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனுக்குப் புறப்பட்டதும், 2003 ஜனவரியில் கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா திரும்பி வாராத பிரயாணத்துக்குப் புறப்பட்டதும், 2025 ஜூன் 25இல் நம் சுபான்ஷு சுக்லா ஏறியதும் அதே தளந்தான். நம் பிள்ளைகள் வானேறியபோதெல்லாம் ஏறிய படி அயலாருடையதாகவே இருந்ததை எண்ணி என் நெஞ்சு வேகிறது.

அக்குறையைத் தீர்க்கப் போவது ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளம். 2005 மே 5ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டோடு தன் சரித்திரத்தைத் தொடங்கி, சந்திரயான்கள் மூன்றையும் வழியனுப்பிய அத்தளம், இன்று மனிதர் ஏறவும் ஆபத்து நேர்ந்தால் விரைந்து விலகவும் ஏற்றபடி நம் வீரரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காகச் சீர்பெறுகிறது. 43 மீட்டர் உயரமும் 640 டன் எடையுமுள்ள ராக்கெட்டை நிமிர்ந்த நிலையிலே பூட்டி, தண்டவாளத்தின்மேல் மெல்ல நகர்த்திக் கொணர்ந்து நிறுத்தி, அது கக்கும் தீயை அடியிலுள்ள கால்வாய் வழியே விலக்கிவிட வேண்டுமென்றால், இரும்பையும் சிமெண்டையும் மயிரிழை பிசகாமல் அமைத்த கை யாருடைய கை? சுண்ணாம்புக்கல் வெட்டும் அரியலூர்ச் சீமைக்காரர்களான உங்களுக்கு அந்தக் கையின் அருமையை நான் சொல்ல வேண்டுமா? கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் விமானத்தின் அடியிலே நின்று அரசன் பெயரை மட்டுமே சொல்லிப் பழகியவர்கள் நாம்! அந்தக் கைக்குரியவனையும், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவில் ராக்கெட்டுக்கு இடம்விட்ட யானாதிப் பழங்குடியினரையும் இந்த மேடையிலிருந்து கும்பிடுகிறேன்.

சோற்றுக்கு அலையும் நாட்டுக்கு ஆகாயம் எதற்கென்று வேறு மேடைகளிலே சிலர் கேட்கிறார்கள். புயல் திரளுவதை முன்கூட்டியே அறிந்து நாகப்பட்டினத்து மீனவன் படகைக் கரையேற்றுகிறானே, வானத்திலிருந்து அந்தப் புயலைக் கண்டது எது? நாம் அனுப்பிய செயற்கைக்கோள்! பசியைப் பற்றிப் பேச அவர்களுக்கு உரிமையுண்டு. ஏழையின் பிள்ளைக்கு விஞ்ஞானம் வேண்டாமென்று விதிக்க உரிமை கிடையாது. 1979இல் கடலில் விழுந்த எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை, 1980 ஜூலை 18ஆம் நாள் அதே தீவிலிருந்து வெற்றிகரமாகப் பறக்கவிட்ட கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் யார்? இராமேசுவரத்து ஏழைவீட்டுப் பிள்ளை அப்துல் கலாம் அல்லவா!

செயலாளர் ஐயா மணியடிக்கிறார். ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். பொதுமக்கள் அமர்ந்து பார்க்க ஸ்ரீஹரிகோட்டாவிலே காட்சி அரங்கு இருக்கிறது. அடுத்த ஏவுதலுக்கு விக்கிரமங்கலத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு பேருந்திலே அழைத்துச் செல்லுங்கள். செலவில் என் பங்கை இதோ, அவைத் தலைவரிடம் இப்போதே ஒப்படைக்கிறேன். மீதியை நீங்கள் போடுங்கள்!