பள்ளம் தோண்டும்போதே கேட்போம்

(கொட்டாம்பட்டியில் நிகழ்த்தப்பட்ட மேலவளவு ஈகியர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



1997 ஜூன் 30. மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் ஊர் திரும்பிக்கொண்டிருந்த மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த ஆறு பேரையும் நினைத்துச் சற்று முன் எழுந்து நின்றோம். இப்போது உட்கார்ந்து சாக்கடையைப் பற்றிப் பேசப்போகிறோம்.

ஈகியர் நாளில் இது என்ன பேச்சு என்று யாருக்காவது தோன்றலாம். முருகேசன் எதற்காகக் கொல்லப்பட்டார்? தனித்தொகுதியான ஊராட்சியில் தலைவராக உட்கார்ந்ததற்காக. அந்த நாற்காலியில் உட்காருகிறவர் என்ன செய்வார்? எந்தத் தெருவுக்கு விளக்கு, எந்தத் தெருவுக்குக் குடிநீர், எந்தத் தெருச் சாக்கடை எந்தப் பக்கம் ஓடவேண்டும், எங்கே போய் முடியவேண்டும் என்று தீர்மானத்தில் கையெழுத்துப் போடுவார். அந்தப் பேனா நம் கைக்கு வரக்கூடாது என்றுதான் அவர்கள் அரிவாளை எடுத்தார்கள். ஆகவே சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்ற கேள்வி இந்த நாளுக்கு உரிய கேள்விதான்.

எங்களில் எழுதுகிறவர்கள் உண்டு, படிக்கிறவர்கள் உண்டு, கட்டட வேலைக்குப் போகிறவர்களும் உண்டு. கவிதை எழுதுகிற தோழரே வாரத்தில் ஐந்து நாள் கொத்தனாருக்குக் கையாளாகவும் நிற்கிறார். அதனால் எங்களுக்குத் தெரிந்த வேலையிலிருந்தே தொடங்குகிறோம்.

நான்குவழிச் சாலை வந்த பிறகு கொட்டாம்பட்டி வட்டாரத்தில் புது வீடுகள் பெருகிவிட்டன. இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், இல்லையென்றால் சிமெண்ட் உறை இறக்கிய குழி. அப்படி ஒரு புது வீட்டில் குடிவந்து ஓராண்டுக்குள் கழிவறைக் குழாய் அடைத்துக்கொண்டது. எங்களில் மூன்று பேர் வேறு வேலையாக அந்தத் தெருவில் நின்றோம். வீட்டுக்காரர் கூப்பிட்டார். "ஏப்பா, இறங்கி எடுக்க ஒரு ஆள் வேணும். உங்க பக்கம் இருப்பாங்கள்ல, சொல்லிவிடுங்கப்பா" என்றார்.

'உங்க பக்கம்' என்ற இரண்டு சொல்லில் எல்லாம் இருக்கிறது. அவர் எங்களைத் திட்டவில்லை. குரலில் கோபம்கூட இல்லை. மின்விசிறி ஓடாவிட்டால் எலக்ட்ரீஷியன், குழாய் அடைத்தால் 'உங்க பக்கம்'. அவ்வளவு இயல்பாகக் கேட்டார்.

ஆள் தருகிறோம் என்று நாங்கள் சொல்லவில்லை. தரையைத் தோண்டிப் பார்க்கலாம் என்றோம். அரை மனதோடு ஒத்துக்கொண்டார். தோண்டினோம். கழிவறையிலிருந்து டேங்க் வரை அறுபது அடி நீளத்துக்கு நாலு இஞ்சுக் குழாய். நாலு இஞ்சுக் குழாய்க்கு நாற்பது அடிக்கு ஓரடி வாட்டம் வேண்டும் என்பது பழைய கணக்கு. பத்தடிக்கு மூன்று அங்குலம். ஆறு இஞ்சுக்கு அறுபது அடிக்கு ஓரடி, ஒன்பது இஞ்சுக்குத் தொண்ணூறு அடிக்கு ஓரடி. அப்படியானால் இந்த அறுபது அடிக்கு ஒன்றரை அடி இறங்கவேண்டும். வீட்டுப் பக்கம் ஓரடி ஆழத்தில் தொடங்கினால் டேங்க் பக்கம் இரண்டரை அடியில் முடியவேண்டும்.

மேலூர் வட்டாரத்து மண் உங்களுக்குத் தெரியும். இங்கே கிரானைட் மலைகளையே அறுத்து விற்றார்கள். அந்த வீட்டில் இரண்டடியில் பாறை தட்டியிருக்கிறது. கடைசி இருபது அடியில், போகப்போக அரையடி வரை, பாறையை உடைக்கவேண்டும். உடைக்கவில்லை. குழாயைத் தூக்கி மட்டமாகப் போட்டு மண்ணை மூடிவிட்டார்கள். நடுவில் ஒரு சேம்பர் கிடையாது. போர்ட்டிகோவுக்கு அடியில் இரண்டு இடத்தில் நேர்மூலை எல்போ போட்டுத் திருப்பியிருந்தார்கள். மேலே பளபளவென்று டைல்ஸ்.

உடைக்காமல் விட்ட அந்த அரையடிப் பாறைக்கு யார் விலை கொடுப்பது? 'உங்க பக்கம்' இருந்து வருகிற ஆள். நாம் இன்று சொல்ல வந்தது இதுதான். ஒரு மனிதன் மலக்குழிக்குள் இறங்குவது, அடைத்துக்கொண்ட அன்று முடிவாவதில்லை. பள்ளம் தோண்டுகிற அன்றே முடிவாகிவிடுகிறது. எப்படியும் இறங்க ஒரு ஆள் இருக்கிறான் என்ற நம்பிக்கையில்தான் வாட்டம் பார்க்காமல் குழாய் போடுகிறார்கள், சேம்பர் கட்டாமல் விடுகிறார்கள். அந்த ஆள் மலிவாகக் கிடைக்கும்வரை பாறையை உடைப்பதுதான் செலவாகத் தெரியும். இங்கே சாதி மண்ணுக்கு அடியில் ஒரு கட்டுமானப் பொருளாகவே கிடக்கிறது.

அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம். பிரேக்கர் வாடகைக்கு எடுத்துப் பாறையை உடைத்தோம். பழைய குழாயை எடுத்துவிட்டு டியூப் மட்டம் பிடித்து வாட்டத்தோடு புதுக்குழாய் போட்டோம். நேர்மூலை எல்போவுக்குப் பதிலாகச் சாய்வான பெண்டு இரண்டிரண்டாகச் சேர்த்தோம். திருப்பம்தோறும் ஒரு சேம்பர், கையால் தூக்கக்கூடிய மூடியோடு. டேங்கிலிருந்து காற்றுக்குழாயை மொட்டைமாடிக்கு மேலே ஏற்றினோம். மூன்று நாள் வேலை. மூன்று பேருக்கும் பிளம்பர் கூலி கேட்டு வாங்கினோம். அடைத்தால் இனி மேலிருந்தே கம்பி விட்டுத் தள்ளலாம். அந்த வீட்டுக்கு இறங்குகிற ஆள் தேவையில்லாமல் போனார்.

மாணவர்கள் கேட்கலாம்: இதற்கெல்லாம் சட்டம் இல்லையா? இருக்கிறது. கையால் மலம் அள்ளும் தொழிலுக்கு எதிரான முதல் சட்டம் 1993-ல் வந்தது. இரண்டாவது சட்டம் 2013-ல் நிறைவேறி, அதே ஆண்டு டிசம்பர் 6, அண்ணல் அம்பேத்கரின் நினைவுநாளில், நடைமுறைக்கு வந்தது. அதன் 7-ஆம் பிரிவு, சாக்கடையையோ செப்டிக் டேங்கையோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக்கூடாது என்கிறது. இது மாநகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. பாதுகாப்புக் கருவி கொடுத்து இறக்கினால் அது 'ஆபத்தான சுத்தம்' என்ற வரையறைக்குள் வராது. கையுறை ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறவர்களுக்கு அந்த ஓட்டை போதும்.

2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், 1993 முதல் இந்த வேலையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபர் 20 அன்று அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. போராடிப் பெற்ற தீர்ப்புகள் இவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்தப் பணத்தை வாங்கிக்கொடுப்பது நம் கடமை. ஆனால் இழப்பீடு என்பது செத்த பிறகு பேசுகிற பேச்சு.

2022 ஏப்ரலில் மதுரை பழங்காநத்தம் நேரு நகரில், கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் மோட்டார் வேலைக்குப் போன ஒப்பந்தத் தொழிலாளர்கள் மூன்று பேர் விஷவாயுவில் இறந்தார்கள். இப்படிச் சாவு பெரும்பாலும் ஒன்றாக வருவதில்லை. ஒருவர் விழுவார், காப்பாற்ற இறங்கியவர் விழுவார், அவரைத் தூக்கப் போனவரும் விழுவார். காரணம் எளிது. மலம் காற்றில்லாமல் அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகிறது. அது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆனால் அளவு கூடக்கூட மூக்கின் உணர்வைத்தான் அது முதலில் கொல்லும். 'நாத்தம் போயிருச்சு, இறங்கலாம்' என்று சொல்கிற நேரம்தான் மிகக் கொடிய நேரம். இதை நம் தெருவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். யார் விழுந்தாலும் பின்னாலேயே இறங்காதே, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடு.

இறங்குகிறவர்கள் யார் என்பதற்கு அரசாங்கமே கணக்குச் சொல்லியிருக்கிறது. 2021 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் கொடுத்த பதில் அது. கையால் மலம் அள்ளுவோர் என்று அடையாளம் காணப்பட்ட 58,098 பேரில் 43,797 பேருக்குச் சாதி விவரம் இருந்தது. அவர்களில் 42,594 பேர் பட்டியல் சாதியினர். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர். 2017-ல் வந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தில் இதை முகங்களாகவே பார்த்தோம்.

மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்துகிற சுடுமண் குழாய்கள் கிடைத்தன. உறைகிணறுகள் கிடைத்தன. தமிழர்கள் பெருமைப்பட்டோம், நாமும் பெருமைப்பட்டோம். குழாய் செய்யத் தெரியாத சமூகம் அல்ல இது. 1858-ல் லண்டனில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து உறுப்பினர்கள் திணறினார்கள். உடனே பணம் ஒதுக்கி நகரம் முழுக்கப் பாதாளச் சாக்கடை கட்டத் தொடங்கினார்கள். நாற்றம் ஆள்பவர் மூக்கை எட்டினால் வேலை நடக்கும். நம் ஊர்களில் எட்டாது. ஊர்த்தெருச் சாக்கடையின் வாட்டம் காலனிப் பக்கம் பார்த்தல்லவா இருக்கிறது! நாற்பது அடிக்கு ஓரடி கணக்கு தெரியாதவர்கள்கூட இந்த ஒரு வாட்டத்தை மட்டும் தவறாமல் போட்டுவிடுகிறார்கள்.

இயந்திரம் வந்தால் தீர்ந்துவிடும் என்கிறவர்களும் உண்டு. 2018-ல் திருவனந்தபுரத்தில் மேன்ஹோலைச் சுத்தம் செய்ய 'பாண்டிகூட்' என்ற ரோபோவை இறக்கினார்கள். நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் சேம்பரே இல்லாத குழாயில் எந்த ரோபோ எந்த வழியாகப் போகும்? டேங்கின் மூடிமேல் டைல்ஸ் ஒட்டிவிட்ட வீட்டில் கழிவுநீர் லாரியின் ஹோஸை எங்கே விடுவது? லாரி நுழையாத சந்துக்குப் பிறகும் ஆள்தானே போகிறார்? குழாயைச் சரியாகப் போட்ட இடத்துக்குத்தான் இயந்திரம் வரும். அந்த இயந்திரம் வரும்போது அதை ஓட்டுகிறவர், சொந்தமாக வைத்திருக்கிறவர் யார் என்பதையும் கேட்கவேண்டும். இறங்கும்வரை நம்முடைய வேலை, லாபம் வந்ததும் வேறொருவர் தொழில் என்று ஆகிவிடக்கூடாது.

இந்த மேலூர் வட்டாரத்துத் தும்பைப்பட்டியில் பிறந்த கக்கன், காமராசர் ஆட்சியில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்தார். அவர் காலத்தில்தான் 1959-ல் வைகை அணை திறக்கப்பட்டது. அண்ணல் 1927-ல் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளினார். தண்ணீர் வருகிற வழிக்காக நம் முன்னோர் பேசியிருக்கிறார்கள், போராடியிருக்கிறார்கள், அமைச்சர் நாற்காலி வரை போயிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் போகிற வழியைப் பற்றிப் பேசவேண்டியது நம் தலைமுறை.

எங்கே பேசுவது? கிராமசபையில். தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்தது ஆகஸ்ட் 15. உங்கள் தெருவில் கழிவுநீர் வேலை எதுவானாலும் மதிப்பீட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் நீளம் எவ்வளவு, குழாய் எத்தனை இஞ்சு, வாட்டம் எவ்வளவு என்று பாருங்கள். திருப்பம்தோறும் சேம்பர் உண்டா என்று கேளுங்கள். தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறது, அந்த இடத்தில் குடியிருப்பவர்கள் யார் என்று கேளுங்கள். அடைத்தால் எந்த இயந்திரம் வரும், எந்த வழியாக வரும் என்று கேட்டுப் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

நம் வீடுகளிலிருந்தும் தொடங்கவேண்டும். அரசு மானியத்தில் கட்டுகிற இரட்டைக் குழிக் கழிவறையில் ஒரு குழி நிறைந்ததும் அதை மூடிவிட்டு மற்றதற்குத் திருப்பவேண்டும். மூடிய குழி இரண்டு ஆண்டு கிடந்தால் எரு ஆகிவிடும், நாற்றமில்லாத மண்ணாக அள்ளலாம். ஆனால் பல இடங்களில் இரண்டு குழியையும் தொடராக இணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முதல் குழிக்கு ஓய்வே கிடையாது, அது கடைசிவரை மலக்குழிதான். பிரிக்கிற சேம்பர் ஒன்று போட்டிருந்தால் இந்த நிலை வராது. இதையெல்லாம் கட்டுகிற கைகள் பெரும்பாலும் நம் கைகள். மேஸ்திரி மட்டமாகப் போடு என்றால், வாட்டம் எங்கே அண்ணே என்று கேட்கிற முதல் ஆளாக நம் பிள்ளை இருக்கவேண்டும்.

முருகேசன் அன்று கேட்டது, எரிந்த வீடுகளுக்கு நிவாரணம். தலைவர் என்ற முறையில் மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனார். மக்களுக்கு வரவேண்டியதைக் கேட்கப் போவதுதான் ஊராட்சித் தலைவரின் வேலை, அந்த வேலையைச் செய்துவிட்டுத் திரும்பும்போதுதான் கொன்றார்கள். ஆகஸ்ட் 15 அன்று நீங்கள் கிராமசபையில் எழுந்து நின்று, இந்தக் குழாய்க்கு வாட்டம் எத்தனை அங்குலம் என்று கேட்டால், அது அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிற பேச்சு. இனி யாராவது 'உங்க பக்கம் ஆள் இருந்தாச் சொல்லுங்க' என்று கேட்டால், தோண்டிப் பார்க்கலாம் வாங்க என்று சொல்வோம்.

ஜெய்பீம்.