அண்ணா யுனிவர்சிட்டின்னா எந்த அண்ணா யுனிவர்சிட்டி?

இந்த எபிசோடு, பிளஸ் டூ முடிச்சுட்டு இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் காத்திருக்கிறவங்களுக்கு. பக்கத்துல அப்பா அம்மா இருந்தா அவங்களையும் கேட்கச் சொல்லுங்க.

போன வாரம் சித்தி பொண்ணு போன் பண்ணினா. "அண்ணா, எனக்கு அண்ணா யுனிவர்சிட்டி கிடைக்குமா?"ன்னு கேட்டா. "எந்த அண்ணா யுனிவர்சிட்டி?"ன்னு திருப்பிக் கேட்டேன். "ஏன், எத்தனை இருக்கு?"ன்னா. பல்கலைக்கழகம் ஒண்ணுதான். ஆனா அந்தப் பேருக்குக் கீழ மூணு விதமான கல்லூரி இருக்கு.

முதல் வகை, 1978-ல பல்கலைக்கழகம் தொடங்கினப்போ அதுல சேர்ந்த நாலு கல்லூரிகள். கிண்டி பொறியியல் கல்லூரி, 1794-ல நில அளவைப் பள்ளியா ஆரம்பிச்சது. அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944. எம்.ஐ.டி. 1949, அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படிச்ச இடம். நாலாவது, கட்டடக்கலைப் பள்ளி. எம்.ஐ.டி. மட்டும் குரோம்பேட்டையில, மத்த மூணும் கிண்டி வளாகத்துல. ஊர்ல "அண்ணா யுனிவர்சிட்டி"ன்னு சொல்றப்போ மனசுல இருக்கிறது இந்த நாலுதான். பி.ஆர்க். சேரணும்னா தனியா ஒரு தகுதித் தேர்வு எழுதணும், அதை மறந்துடாதீங்க.

இரண்டாவது வகை, பல்கலைக்கழகமே வெளியூர்ல நடத்துற கல்லூரிகள். கோவை, மதுரை, திருநெல்வேலியில மண்டல வளாகங்கள். விழுப்புரம், நாகர்கோவில், ராமநாதபுரம், திண்டுக்கல் மாதிரி ஊர்கள்ல உறுப்புக் கல்லூரிகள். தனியார் கல்லூரியை விடக் கட்டணம் குறைவு. பலர் லிஸ்ட்ல இதைக் கவனிக்கிறதே இல்ல.

மூணாவது வகை, இணைப்புக் கல்லூரிகள். நானூறுக்கும் மேல. அரசுக் கல்லூரி, கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராஜர் மாதிரி பழைய கல்லூரிகள், அப்புறம் நூற்றுக்கணக்கான சுயநிதிக் கல்லூரிகள். எல்லாத்துக்கும் பட்டச் சான்றிதழ்ல அண்ணா பல்கலைக்கழகம்னுதான் இருக்கும். தன்னாட்சிக் கல்லூரின்னா பாடத்திட்டமும் வினாத்தாளும் அவங்களே போடுவாங்க. இல்லைன்னா பல்கலைக்கழகம் போடும்.

நான் மூணாவது வகை. எங்க அப்பா தெரு முழுக்க "பையன் அண்ணா யுனிவர்சிட்டில படிக்கிறான்"னு சொன்னார். நாலு வருஷமும் நான் திருத்தல. கடைசி வருஷம் ஒரு நேர்காணலுக்குப் போனப்போ ரெஸ்யூமேல கல்லூரி பேரே இல்லாம, "பி.இ., அண்ணா பல்கலைக்கழகம்"னு மட்டும் போட்டிருந்தேன். எதிர்ல இருந்தவர் சந்தோஷமா, "அட, நானும் கிண்டிதான். எந்த ஹாஸ்டல்?"னார். எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. உண்மையைச் சொன்னேன். அவர் திட்டல, சிரிச்சார். ஆனா அதுக்கப்புறம் ரெண்டே கேள்வி. வேலை கிடைக்கல. அடுத்த ரெஸ்யூமேல கல்லூரி பேரை முழுசா எழுதி, அதுக்குக் கீழ நான் செஞ்ச புராஜெக்டை எழுதினேன். வேலை அதுல கிடைச்சது.

பட்டத்துல பேர் ஒண்ணா இருந்தாலும், யார் பாடம் எடுக்கிறாங்க, லேப் எப்படி இருக்கு, எந்தக் கம்பெனி வருதுங்கிறது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். கிண்டிக்கு வர்ற கம்பெனி உங்க கல்லூரிக்கும் வரும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

இப்போ கணக்குக்கு வருவோம். நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்கு 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு, மொத்தம் 200. இதுதான் கட் ஆஃப். மாநிலத்தோட 69 சதவீத இட ஒதுக்கீடு பொருந்தும். ஆறாம் வகுப்புல இருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில படிச்சிருந்தா 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. 2021-ல இருந்து நடைமுறையில இருக்கு. அதுல சேர்ந்தா கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ரெண்டையும் அரசே கட்டும். குடும்பத்துல முதல் பட்டதாரின்னா அந்தச் சான்றிதழை இப்பவே வாங்கி வச்சுக்கோங்க, கட்டணச் சலுகை உண்டு.

சாய்ஸ் ஃபில்லிங்ல நிறைய பேர் பயப்படுறாங்க. "என் கட் ஆஃபுக்குக் கிண்டியை முதல்ல போட்டா சீட் வீணாயிடுமா?" ஆகாது. உங்க ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் உங்க லிஸ்டை மேல இருந்து ஒவ்வொண்ணா பார்க்கும். முதல்ல எது காலியா இருக்கோ அதைக் கொடுத்துட்டு நின்னுடும். புரோகிராம் எழுதுறவங்களுக்குச் சொன்னா, ஒரு ஃபார் லூப், உள்ளே ஒரு பிரேக். அதனால ஆசைப்பட்டதை மேல போடுங்க. சேரவே மாட்டேன்னு நினைக்கிறதைக் கீழே கூட போடாதீங்க. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் சொன்ன நாளுக்குள்ள உறுதி பண்ணுங்க. அசந்துட்டா அந்த சீட் போயிடும்.

சித்தி பொண்ணுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கேன். லிஸ்ட்ல போடப்போற முதல் பத்து கல்லூரியில, ஒவ்வொண்ணுலயும் மூணாவது வருஷம் படிக்கிற ஒருத்தர்கிட்ட பேசணும். மூணே கேள்வி. போன வருஷம் உங்க துறையில எத்தனை பேருக்கு வேலை கிடைச்சது? லேப்ல நீங்களே கை வச்சு வேலை செய்றீங்களா? உங்க தம்பி தங்கச்சியை இங்க சேர்ப்பீங்களா?

நேத்து வரைக்கும் நாலு பேர்கிட்ட பேசிட்டா. ரெண்டு கல்லூரியை லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டா. ரெண்டுமே அவங்க அப்பா ரொம்ப ஆசைப்பட்டது. இப்போ சித்தப்பாகிட்ட நான் பேசணும்.

சரி மக்களே, சந்தேகம் இருந்தா குரல் பதிவு அனுப்புங்க. அடுத்த எபிசோடுல எந்தப் பிரிவு எடுக்கலாம்னு பேசுவோம்.