மாத்திரையை வீசாதே, நிழலைக் கேள்!

(சாயல்குடி வட்டாரத்தில் உப்பளத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



கூலியைப் பற்றியும் போனஸைப் பற்றியும் இந்த மேடையில் நிறையப் பேசியிருக்கிறோம். இன்று ஒரு மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

வாலிநோக்கம் உப்பளம் முதல் பாம்பன் கரை வரை நாங்கள் சுற்றி வந்தபோது ஒரே கேள்வி பல வாயிலிருந்து வந்தது. "ரத்தக்கொதிப்பு மாத்திரை தின்றால் தோலில் புற்று வருமாமே, அண்ணே?" கைபேசியில் வந்த சேதியாம். பாசி எடுக்கும் தாய் ஒருவர் பயந்து போய் மாத்திரை அட்டையைக் கடலிலேயே வீசிவிட்டார்.

இதில் உண்மை எவ்வளவு? புரளி எவ்வளவு?

உண்மையை முதலில் சொல்லிவிடுவோம். ரத்தக்கொதிப்புக்கு எத்தனையோ மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்று ஹைட்ரோகுளோரோதையசைடு. உடம்பிலுள்ள உப்பையும் நீரையும் சிறுநீராக இறக்கும் மருந்து இது. 1950களின் கடைசியிலிருந்து உலகமெங்கும் கொடுக்கப்படுகிறது. இதற்கு ஒரு குணம் உண்டு: வெயில் படும் தோலை எளிதில் புண்படச் செய்யும்.

டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 2017 கடைசியில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இந்த மருந்தை மொத்தம் 50,000 மில்லிகிராமுக்கு மேல் தின்றவர்களுக்கு ஒரு வகைத் தோல் புற்று ஏறக்குறைய நாலு மடங்கு வந்திருந்தது. தினம் 25 மில்லிகிராம் என்றால் அந்த அளவை எட்ட ஐந்தரை ஆண்டு ஆகும், 12.5 என்றால் பதினோரு ஆண்டு.

நாலு மடங்கு என்றதும் நடுங்க வேண்டாம். எதில் நாலு மடங்கு என்று கேட்க வேண்டாமா? அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 ஆகஸ்டில் இந்த எச்சரிக்கையை மருந்துச் சீட்டில் சேர்த்தபோது சொன்ன கணக்கு இது: இம்மருந்து தின்னும் 16,000 பேரில் ஆண்டுக்கு ஒருவருக்குக் கூடுதலாகப் புற்று வரலாம். மருந்தை நிறுத்தச் சொல்லவில்லை. வெயிலிலிருந்து தோலைக் காக்கத்தான் சொன்னது.

இன்னொன்று. டென்மார்க்காரர் வெள்ளைத் தோல்காரர். நம் தோலின் கறுப்பு நமக்குப் பிறவிக் குடை. தைவானில் இதே கணக்கைப் பார்த்தபோது இந்தத் தொடர்பு தென்படவில்லை.

மாத்திரையை வீசினால் என்ன ஆகும்? கொதிப்பு ஏறும். வலி காட்டாது, சத்தம் போடாது. ஒரு நாள் காலையில் கையும் காலும் இழுத்துக்கொள்ளும், அல்லது மாரடைக்கும், அல்லது சிறுநீரகம் கெடும். பதினாறாயிரத்தில் ஒன்றுக்குப் பயந்து, வாசலில் நிற்கும் பக்கவாதத்தை உள்ளே அழைக்கலாமா?

ஆகவே, செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இரண்டு: அட்டையிலுள்ள பெயரைப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் காட்டுங்கள். பல கூட்டு மாத்திரைகளின் பெயர் வாலில் 'எச்' என்ற எழுத்து இருந்தால் இந்த மருந்து கலந்திருக்கும். அம்லோடிபின் வேறு, இது வேறு.

மூன்று: "நான் உப்பளத்தில் வேலை செய்கிறேன்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். வேர்வையிலும் உப்பும் நீரும் போகிறது. மாத்திரையும் அதையே இறக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் தலை சுற்றும், மயக்கம் வரும். மாற்று மருந்து உண்டா என்று கேட்பது உங்கள் உரிமை.

நாலு: உதட்டிலோ காதிலோ புறங்கையிலோ ஒரு மாதம் ஆறாத புண் இருந்தால் காட்டுங்கள். நம்மவர்க்கு இந்தப் புற்று பழைய தீக்காயத் தழும்பிலும், நெடுநாள் ஆறாத கால் புண்ணிலும் பிறப்பதுண்டு. உப்புநீரில் நிற்கும் கால்களை மறக்காதீர்கள்!

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் கொதிப்பு மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்லது. ஆனால் மாத்திரை வந்தால் போதுமா? உப்பு விளைவிக்கிற கைக்கு "உப்பைக் குறை" என்கிறார் டாக்டர், குறைப்போம். "வெயிலில் நிற்காதே" என்கிறார். அதை நாம் எப்படிச் செய்வது? பாத்தி வெயிலில்தானே இருக்கிறது!

அதைச் செய்ய வேண்டியவன் உப்பளம் நடத்துபவன். பாத்திக்குப் பக்கத்தில் நிழல் கொட்டகை, குளிர்ந்த குடிநீர், உச்சிவெயிலில் ஓய்வு, காலுக்குப் பூட்ஸ், ஆண்டுக்கொரு முறை வைத்தியப் பரிசோதனை. இந்த ஐந்தையும் கோரிக்கையாக எழுதுவோம். சங்கத்தின் பெயரால் கொடுப்போம்.

மாத்திரையை மாற்ற டாக்டர் ஒருவர் போதும். நிழலை வாங்க நாம் எல்லோரும் வேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் மாத்திரையைத் தின்னுங்கள். நாளைக் காலையில் கையெழுத்துப் போட வாருங்கள்!