வயிற்றுவலி எப்போது அவசரம்?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், பழைய மாணவியான சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் ஆற்றிய உரை)



விடுதியில் எங்களுக்கு வயிற்றுவலி வந்தால் இஞ்சி போட்ட பிளேன்ரீ தந்து படுக்கவிடுவார்கள். பெரும்பாலும் அது போதும். போதாத வலிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நான் உள்ளகப் பயிற்சி வைத்தியராக இருந்தபோது, ஓரிரவு இருபது வயது கடந்த பிள்ளையொன்றைத் தாயார் கூட்டிவந்தார். அடிவயிற்றில் வலி; வீட்டில் ஒருமுறை மயங்கியும் விழுந்திருந்தாள். இரத்த அழுத்தம் சரி. நாடித்துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு 120. தாயார் பக்கத்தில் நிற்கும்போதே, கர்ப்பமாக இருக்க வாய்ப்புண்டா என்று கேட்டேன். "இல்லை டொக்டர்" என்றாள். நானும் காஸ்ட்ரைட்டிஸ் என்று எழுதிவிட்டேன். நாடித்துடிப்புக்குக் காரணம் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் தோள்மூட்டு வலிக்கிறது என்றாள். அப்போது வந்த மூத்த வைத்தியர், தாயாரைத் தேத்தண்ணி வாங்கிவர அனுப்பிவிட்டு, அதே கேள்வியை மெதுவாகக் கேட்டார். அழுதாள். இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை. சத்திரசிகிச்சைக் கூடத்தில் வயிற்றைத் திறந்தபோது உள்ளே ஒன்றரை லீற்றர் இரத்தம். கருப்பைக்குள் தங்கவேண்டிய கரு பலோப்பியன் குழாயில் தங்கி, குழாய் வெடித்திருந்தது. பிள்ளை பிழைத்தாள், என் கெட்டித்தனத்தால் அல்ல.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் உண்டு. இளவயதினருக்கு இரத்தம் இழக்கும்போது நாளங்கள் சுருங்கும், இதயம் வேகமாக அடிக்கும். அதனால் மூன்றில் ஒரு பங்கு போகும்வரை அழுத்தம் விழாமல் நிற்கலாம். அழுத்தம் விழும்வரை காத்திருந்தால் பிந்திவிடுவோம். தோள்வலிக்கும் காரணம் உண்டு. கசிந்த இரத்தம் பிரிமென்றகட்டை உறுத்துகிறது. அதன் நரம்பும் தோளுக்கு உணர்வு தரும் நரம்புகளும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து புறப்படுவதால், மூளை இடம் மாறி உணர்கிறது. விபத்தில் மண்ணீரல் கிழிந்தவர்களுக்கும் இடத்தோள் இப்படி வலிக்கும். 1883 இல் பேர்மிங்காமில் லோசன் ரெயிற் வெடித்த குழாயைக் கட்டி ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். சேலைனும் இரத்தமும் ஏற்றுவது அவகாசம் தரும். கசிவை நிறுத்துவது அந்தக் கட்டுத்தான்.

தொற்று வேறு முகம் காட்டும். குடல்வால் வெடித்தால் சிலவேளை வலி சட்டென்று குறையும். வீட்டில் எல்லோரும் ஆறுதலடைவார்கள். சில மணித்தியாலங்களில் வலி வயிறு முழுக்கப் பரவி, வயிறு பலகைபோல் இறுகிவிடும். சிறுநீரகக் கல் உள்ளவர் புரண்டு துடிப்பார். இவரோ அசையாமல் கிடப்பார், இருமவும் பயப்படுவார். முழங்கால் வலிக்கு டைக்ளோபெனக் குளிசையை மாதக்கணக்கில் விழுங்கும் அம்மாமாருக்கு இரைப்பைப் புண் துளைத்தும் இப்படி வரலாம். முதியவர்களிலும், நீரிழிவுக்காரரிலும், ஸ்ரீரொயிட் எடுப்பவர்களிலும் வயிறு இறுகாமலும் காய்ச்சல் இல்லாமலும் இருக்கலாம். மூச்சு வேகமாகிறதா, சிறுநீர் குறைகிறதா, பேச்சுத் தடுமாறுகிறதா என்று பாருங்கள். நுண்ணுயிர்க்கொல்லியை உடனே ஏற்றவேண்டும். ஆனால் ஓட்டையை அடைத்துச் சீழைக் கழுவாவிட்டால் மருந்து மட்டும் வெல்லாது.

இப்படிச் சந்தேகம் வந்தால் சோடா, கஞ்சி ஒன்றும் கொடுக்க வேண்டாம். மயக்கமருந்து கொடுக்கும்போது வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போகும். இலங்கையில் 1990, கனடாவில் 911, இங்கிலாந்தில் 999, அவுஸ்திரேலியாவில் 000. வழமையாக எடுக்கும் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

இப்போதெல்லாம் என்னிடம் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மாரைச் சற்று வெளியே இருக்கச் சொல்கிறேன். சிலர் கோபிப்பார்கள். இந்த மண்டபத்தில் இருப்பவர்களிலும் இரண்டு பேர் என்னோடு கோபித்திருக்கிறார்கள்.