அயல்நாட்டு ஆசிரியனும் பரீட்சைக் களவும்

(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம்மவருள் சிலர் ஆசிரியத் தொழில் பூண்டு அயல்நாடு செல்லவிருக்கின்றனர் எனக் கேட்டு மகிழ்கின்றோம். அன்னோர்க்கு யாம் கூறத்தக்கது எமது பிழையொன்றேயாம்.

யாம் சீன நாட்டுக் கல்லூரியொன்றில் ஈராண்டு தமிழ் கற்பித்தோம். ஒரு பரீட்சையில் இருவர் விடைத்தாள்களிலும் 'மரம்' என்னுஞ் சொல் நான்கிடத்தும் 'மறம்' என்றே நின்றது. ஏனைய வரிகளும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருந்தன. மறுநாள் வகுப்பு முழுதுங் காண அத்தாள்களை உயர்த்திக் காட்டி, "இது களவு" என்று கடிந்தோம். எழுதியவன் தலை கவிழ்ந்தான். பார்த்தெழுதியவன் ஒரு வாரம் வகுப்பிற்கு வந்திலன்.

அக்கல்லூரி முதிய ஆசிரியர் ஒருவர் எம்மைத் தனியே அழைத்து, "குற்றங் கண்டது நன்று, பலரறிய அவன் முகத்தைக் கெடுத்தது நன்றன்று" என்றார். இருவரும் ஒரே விடுதியறையினர் என்பதும், நோயுற்றுப் படிக்க இயலாதிருந்த தோழனைக் கைவிடுதல் இழிவென்று மற்றவன் எண்ணினான் என்பதும் அப்போதே அறிந்தோம்.

இதனால் அந்நாட்டார் களவைப் பொறுப்பவர் என எண்ணற்க. 1905இல் ஒழிந்த அவர்தம் அரசாங்கப் பரீட்சையில், கையெழுத்து அடையாளம் தெரியாதிருக்க, எழுத்தர் படியெடுத்த விடைகளையே திருத்துவோரிடம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1858ஆம் ஆண்டுப் பரீட்சையில் நிகழ்ந்த ஊழலுக்காகப் பாய் ஜுன் என்னும் பேரமைச்சரே மறுவாண்டு தலையிழந்தார். 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, நாடு தழுவிய பரீட்சைகளில் மோசடியை நடத்துவோர்க்கு 7 ஆண்டு வரை சிறையுண்டு. நாமும் இறுமாத்தற்கில்லை, பொதுத் தேர்வு மோசடியைத் தடுக்க 2024இல் நம் நாட்டிலும் தனிச்சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

பின்னர் இருவரையும் தனித்தனியே அழைத்துப் பேசினோம். முதல் தாள்களுக்கு மதிப்பெண் இல்லையென்று உரைத்து, வாய்மொழியாக மீண்டும் பரீட்சித்தோம். பார்த்தெழுதியவன் பெற்றது குறைந்த மதிப்பெண்ணே. ஆயினும் அஃது அவனுடையது. அடுத்த பரீட்சை முதல் விதிகளை முன்னரே சொல்லி வைத்தோம். அருகருகே அமர்வோர்க்கு வெவ்வேறு வினாத்தாள் கொடுத்தோம்.

இளைஞர்காள்! களவுக்கு மதிப்பெண் இடாதீர். இரக்கத்தின் பெயராலும் இடாதீர். ஆனால் மாணாக்கனை அவையில் நாணச் செய்யாதீர். யாம் கடிந்தது பலர் முன்னே, வருந்தியது தனியறையில். அவ்வருத்தத்தையும் அவ்வகுப்பின் முன்னரே சொல்லியிருத்தல் வேண்டும். சொல்லாது வந்தது இன்றும் எம்மை உறுத்துகின்றது.