வாய்தா தேதி தெரிந்த தலைவர்

(மாணவர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



நல்ல தலைவருக்கு என்னென்ன குணம் வேணும்னு பேசச் சொல்லியிருக்கீங்க. பேச்சு, துணிச்சல், தியாகம் என்று பட்டியல் போடலாம். நான் பட்டியல் போடப் போறதில்லை. ஒரே ஒரு போராட்டத்தை எடுத்துக்கிறேன். 1927இல் மகத்.

பொதுக் குளங்களைத் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டசபை 1923லேயே தீர்மானம் போட்டது. மகத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. எல்லாம் காகிதத்தில். ஆடு மாடு தண்ணி குடிச்சுது, மனுசன் குடிக்க முடியலை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் முன்னே நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த மக்களும் குடித்தார்கள். இது நமக்கெல்லாம் தெரிஞ்ச மகத். நான் பேச வந்தது அதுக்கப்புறம் நடந்ததைப் பற்றி.

கோயிலுக்குள்ள நுழையப் போறாங்கன்னு வதந்தி கிளப்பி, நம்ம சனங்களைச் சாதி இந்துக்கள் அடிச்சாங்க. திருப்பி அடிக்க நம்ம பக்கம் ஆள் இல்லாமலில்லை. பட்டாளத்தில் இருந்து வந்த மகர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஒரு வார்த்தை போதும். அம்பேத்கர் அந்த வார்த்தையைச் சொல்லலை. மாநாடு முடிஞ்சு தலைவர் ஊர் திரும்பிடுவார். சேரியில் இருக்கிறவன் எங்கே போவான்? அதை யோசிச்சுத்தான் அடக்கினார் என்று நான் புரிந்துகொள்கிறேன். வழக்கு நடந்தது. அடித்தவர்களில் சிலர் சிறைக்கும் போனார்கள்.

டிசம்பரில் மறுபடி மாநாடு. 25ஆம் தேதி மனுஸ்மிருதியை எரித்தார்கள். குளத்தில் இறங்க ஆயிரக்கணக்கானவர்கள் தயார். அதற்குள் குளம் தனிச்சொத்து என்று சொல்லி எதிர்த்தரப்பு தடையுத்தரவு வாங்கிவிட்டது. ஜெயிலுக்குப் போகவும் சம்மதம்னு மக்கள் நிக்கிறாங்க. 'வாங்க இறங்குவோம்'னு சொன்னா கைதட்டல் வானத்தைப் பிளக்கும். அவர் ஒத்திவைக்கச் சொன்னார். அறைக்குள்ளே முடிவெடுத்து ஆள் விட்டுச் சொல்லலை. மாநாட்டின் முன்னால் நின்று, காரணம் சொல்லி, சம்மதிக்க வைத்தார். தண்ணீரைத் தொடாமல் குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள்.

அந்த முடிவு சரியா தப்பா என்று நீங்க விவாதிக்கலாம், விவாதிக்கணும். நான் பார்க்கிற குணம் வேறு. தன் மக்களின் கைதட்டலுக்கு எதிராகவும் அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுகிற தைரியம். எதிரியை எதிர்த்துப் பேசறதைவிட இது கஷ்டம்.

அடுத்த குணம் இன்னும் கஷ்டம். அந்தக் குளத்து வழக்கு எப்போ முடிஞ்சுது தெரியுமா? 1937 மார்ச்சில், பம்பாய் உயர்நீதிமன்றத்தில். பத்து வருஷம். நடுவிலே வட்டமேசை மாநாடு, பூனா ஒப்பந்தம், தனிக்கட்சி, தேர்தல் எல்லாம் வந்து போச்சு. வழக்கை அவர் கைவிடலை. தீண்டப்படாதவர்களை ஒதுக்கும் வழக்கம் தொன்றுதொட்டு வந்தது என்பது நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பு வந்தது.

இதையெல்லாம் அவர் தனி ஆளாகச் செய்யவில்லை. மகத்தில் மாநாட்டுக்கு ஆள் திரட்டியவர்களில் ஆர்.பி. மோரே என்கிற இளைஞர் முக்கியமானவர். பக்கத்தில் இப்படி ஆட்களை வளரவிடாத தலைவர் நமக்கு எதுக்கு?

இப்போ நம்ம கதைக்கு வருவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிதண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தலைவர்கள் வந்தார்கள், கேமராக்கள் வந்தன. எந்த ஊர்க் கொடுமைக்கும் முதல் வாரம் கூட்டம் சேரும். வன்கொடுமை வழக்கு மூணாவது வருஷம் வாய்தாவுக்கு வரும்போது கோர்ட்டு வாசலில் யார் இருக்கா? பாதிக்கப்பட்டவரும் அவர் பொண்டாட்டியும் மட்டும் புளியமரத்தடியில் உக்காந்திருப்பாங்க. பஸ் காசு கடன் வாங்கினதாயிருக்கும். எதிரில் ஊரே திரண்டு நிக்கும். சாட்சி பிறழாம என்ன செய்யும்?

அதனால தலைவரைத் தேடறப்போ பேனரைப் பார்க்காதீங்க. உங்க பகுதியில் நடக்கிற வழக்கின் அடுத்த வாய்தா என்றைக்கு என்று கேளுங்க. நாட்காட்டியைப் பார்க்காமல் தேதி சொல்கிற ஆள் ஒருத்தர் இருப்பார். ஒருவேளை அது மேடையே ஏறாத ஒரு பெண்ணாக இருக்கலாம். அவர் பின்னால் போங்க. அப்படி யாருமே இல்லேன்னா, அந்தத் தேதியை உங்க நோட்டில் எழுதிக்குங்க.