கண்ணாடி மணிக்குப் பட்டை தீட்ட வைரம்தான் வேணுமா?

ஒரு நேயர் கேட்டிருக்காங்க: "கையால செஞ்ச கண்ணாடி மணிக்குப் பட்டை தீட்டணும். வைரச் சக்கரம் இல்லாம ஆகாதாமே?" வைரம் இருந்தா வேலை சீக்கிரம் முடியும், அவ்வளவுதான். அது இல்லாமலே நூற்றாண்டுக்கணக்கா பட்டை தீட்டியிருக்காங்க.

மோஸ் அளவுகோல்ல கண்ணாடியோட கடினம் சுமார் 5.5, குவார்ட்ஸ் மணல் 7. மணலே கண்ணாடியைத் தின்னுடும். வடக்கு பொஹீமியாவுல, அதாவது இன்னைக்குச் செக் நாட்டு வடக்குப் பக்க மலைப்பகுதியில, சுத்துற இரும்புச் சக்கரத்துல மணலும் தண்ணியும் விட்டு முதல்ல முகத்தை, அதாவது பட்டையோட தட்டைப் பரப்பை, இறக்குவாங்க. அப்புறம் மணற்கல் சாணையில கீறலைக் குறைப்பாங்க. கடைசி மெருகுக்கு மரச் சக்கரமும் நுரைக்கல் பொடியும். மெருகுக்கு மெத்தான சக்கரம்தான் நல்லது. சில பட்டறைக்காரங்க அந்த வேலையையும் மிச்சம் பிடிச்சாங்க: தீட்டுன மணியைத் திரும்ப உலையில காட்டுவாங்க. மேல்பரப்பு லேசா இளகி, தானா பளபளக்கும். விளிம்பு கொஞ்சம் மழுங்கும். கடையில 'ஃபயர் பாலிஷ்'னு விக்கிறது அதான்.

சரி, எனக்குப் பிடிச்ச கட்டத்துக்கு வருவோம். அந்த மலைப்பகுதியில 1862-ல பிறந்தவர் டேனியல் ஸ்வரோவ்ஸ்கி. அப்பா கண்ணாடிக்குப் பட்டை தீட்டுறவர், பையனும் அதே தொழில்தான் படிச்சார். 1883-ல வியன்னாவுல நடந்த மின்சாரக் கண்காட்சியைப் பார்த்துட்டு வந்தவருக்கு, சாணையை இயந்திரம் ஆக்கணும்னு ஒரே நினைப்பு. 1892-ல அந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிட்டார். 1895-ல ரெண்டு கூட்டாளிகளோட, ஆஸ்திரியாவோட டிரோல் மலையில இருக்குற வாட்டன்ஸுக்கு மூட்டை கட்டினார். அங்க தண்ணிச் சக்தி தாராளம். அதோட, பார்த்துக் காப்பியடிக்கிற பக்கத்துப் பட்டறைக்காரங்க கண்ணுக்கு எட்டாத தூரம்!

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. அந்த மனுஷன் மாத்துனது கல்லை இல்லை, கையை. ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் கோணம் பிசகாம இருக்க, பழைய ஆளுக்குக் கண்ணும் விரலும்தான் துணை. இயந்திரம் அதே கோணத்தை எத்தனை கல்லுக்கு வேணும்னாலும் அலுக்காம பிடிச்சுது. முதல் உலகப்போர்ல சாணைச் சக்கரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் அதையும் சொந்தமா செய்ய ஆரம்பிச்சார். 1919-ல தொடங்குன டைரோலிட் நிறுவனம் அப்படி வந்ததுதான். பேரு ஒருத்தருக்கு நிலைச்சுது. பட்டை தீட்டுற வித்தையைத் தலைமுறை தலைமுறையா வளர்த்த மலைக்கிராமக் குடும்பங்கள் பேரு யாருக்குத் தெரியும்? நம்ம திருச்சிப் பக்கம் செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டுறவங்களைக் கேளுங்க. இயந்திரத்துல வெட்டுன கல்லு வந்து பொழப்பு படுத்த கதையைச் சொல்லுவாங்க.

இப்போ கேள்விக்கு வர்றேன். முதல்ல, மணி சூளையில மெதுவா ஆறியிருக்கணும். அவசரமா ஆறின மணி சக்கரம் பட்டதும் விரிசல் விடும். முகம் இறக்க சிலிக்கன் கார்பைடு பொடி போதும். வரவர நைசான பொடிக்குப் போங்க, 220, 400, 600, 1200-னு; எண் ஏற ஏற பொடி நைசு. மெருகுக்கு ஃபெல்ட் சக்கரமும் சீரியம் ஆக்ஸைடும். தண்ணி விடாம தீட்டவே கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. காசு மிச்சம் இருந்தா, வைரத்துக்கு முன்னாடி கோணத்தை அசையாம பிடிக்கிற பிடி ஒண்ணு வாங்குங்க. ஸ்வரோவ்ஸ்கி ஜெயிச்சது அதுலதான்.